ரோபோ பாதசாரி அல்ல

2019 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், வாகனங்கள் ஓயாத ஃபோர்ப்ஸ் அவென்யூ சாலையை மின்சக்கர நாற்காலியில் கடந்துகொண்டிருந்தார் ஓர் ஆராய்ச்சி மாணவி. எதிர்ப்புறம் நடைபாதையில் ஏற அவருக்கு இருந்த வழி அங்கே அமைக்கப்பட்டிருந்த சாய்தளம் மட்டும்தான். அந்தச் சாய்தளத்தின் மீது உணவு கொண்டுபோகும் ரோபோ ஒன்று நின்றிருந்தது. அது நகரவேயில்லை. சிக்னல் மாறும் நேரம் நெருங்கிவிட்டது. நாற்காலி நடுரோட்டில். கடைசியில், சாய்தளம் இல்லாத இடத்தில் நடைபாதையின் விளிம்பில் முட்டி மோதித்தான் அவரால் மேலே ஏற முடிந்தது.

நடந்ததை அவரே எழுதி வெளியிட்டார். அவர் படித்த பல்கலைக்கழகம் ரோபோ சோதனையை நிறுத்திவைத்தது. ஆனால், பிட்ஸ்பர்க் இருக்கும் அதே பென்சில்வேனியா மாநிலம் அடுத்த ஆண்டு கொண்டுவந்த சட்டத்தைப் படித்தால், இப்படியொரு சம்பவம் அங்கே நடந்ததாகவே தெரியாது. சரக்கு ஏற்றுவதற்கு முன்பே 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ எடையுள்ள டெலிவரி ரோபோ, நடைபாதையில் மணிக்கு 12 மைல் வேகத்தில் போகலாம் என்றது 2020இன் 106ஆம் எண் சட்டம். கிலோமீட்டரில் சொன்னால் அது மணிக்கு 19. நாம் நடப்பது ஏறக்குறைய 5. இத்தனைக்கும் மேலாக, சட்டத்தின் பார்வையில் அந்த எந்திரம் ஒரு பாதசாரி.

இந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற எல்லாப் பிழைகளும் கிளைக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். பாதசாரிக்கு நடைபாதையில் இருக்கும் உரிமை யாரும் அனுமதித்து வருவதல்ல. மனிதர் என்பதாலேயே வருவது. ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெட்டிக்கு அதே உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், அது எத்தனை வரலாம், எங்கே நிற்கலாம், எப்போது வழிவிட வேண்டும் என்று கேட்கும் பலம் ஊருக்குப் பாதியாகக் குறைந்துபோகிறது. ரோபோக்களை அடியோடு தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை அனுமதி பெற்று வருகிற வாகனங்கள். அந்த அனுமதியைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் அந்தந்த உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்க வேண்டும் என்கிறேன்.

பிட்ஸ்பர்க்கில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. தெருமுனையில் நடைபாதை உயரத்திலிருந்து சாலை மட்டத்துக்கு இறங்கும் சாய்தளம் சக்கரம் உள்ள எல்லோருக்கும் தேவை. சக்கர நாற்காலிக்கும் தேவை, குழந்தை வண்டிக்கும் தேவை, ரோபோவுக்கும் தேவை. மற்றவர்கள் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். இவர்கள் அந்த ஓரிரு மீட்டரில்தான் இறங்க முடியும். ரோபோ சாலையைக் கடக்கக் காத்திருப்பதும் அதே இடத்தில்தான். மேலும், பெரும்பாலான ரோபோக்கள் ‘சந்தேகம் வந்தால் நில்’ என்ற விதியில் இயங்குகின்றன. வெட்டவெளியில் அது நல்ல விதி. சாய்தளத்தின் மீதோ நிற்பதே ஆபத்து. பொறியாளர் பாதுகாப்பு என்று எழுதிய அதே கட்டளை, எதிரே சாலையின் நடுவில் இருப்பவரை வாகனங்களுக்கு முன்னால் நிறுத்திவைக்கிறது. ஆய்வகத்தில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இது கண்ணில் படாது. நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தெருவைக் கடப்பவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் அந்தச் சாய்தளங்கள் தானாக வந்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1970-களில் பெர்க்லி, டென்வர் போன்ற நகரங்களில் மாற்றுத்திறனாளிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1990இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகும் நீதிமன்றம் ஏறி ஏறித்தான் நகரம் நகரமாக விளிம்புகள் சரிவாக்கப்பட்டன. ஒரு தலைமுறை போராடிப் பெற்ற அந்த இடம், உணவு டெலிவரி நிறுவனங்களுக்கு ஒரு காசு செலவில்லாத கட்டமைப்பாகக் கிடைத்திருக்கிறது.

பார்வையற்றவர்களின் சிக்கல் வேறு. வெண்கோலைத் தரையில் தட்டி நடப்பவர் மின்கம்பம் எங்கே, குப்பைத்தொட்டி எங்கே என்று தெருவை மனதில் வரைந்து வைத்திருப்பார். முழங்கால் உயரத்தில், ஓசையின்றி, இன்று இங்கே நாளை அங்கே என்று நகரும் ஒரு பெட்டிக்கு அந்த வரைபடத்தில் இடம் கிடையாது. காது மந்தமான முதியவருக்கும் ஓடி விளையாடும் குழந்தைக்கும் இதே நிலைதான். 2024இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில், பின்னோக்கி வந்த ரோபோ இடித்து ஊழியர் ஒருவர் கீழே விழுந்து காயமடைந்தார். 2025 செப்டம்பரில் மேற்கு ஹாலிவுட்டில், மூளைமுடக்குவாத பாதிப்புள்ள ஒருவர் தன் மின்வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் குறுக்கிட்டு நின்ற ரோபோவோடு மோத நேர்ந்தது. அந்தக் காணொளி உலகமெங்கும் பரவியது. பெரிய விபத்துகள் இல்லைதான். ஆனால், யார் யார் தடுக்கிவிழுகிறார்கள் என்று பார்த்தால் திரும்பத் திரும்ப அதே மனிதர்களாக இருக்கிறார்கள்.

நிறுவனங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. ஒரு கிலோ எடைகூட இல்லாத உணவைக் கொண்டுபோக ஒன்றரை டன் கார் எதற்கு என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. காரைவிட ரோபோ எடை குறைவு, வேகம் குறைவு, புகை இல்லை, மோதினாலும் உயிர்ப்பலிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கடைக்கு நடந்துபோக முடியாத முதியவருக்கு, உடல்நலம் குன்றியவருக்கு வாசலில் வந்து நிற்கும் மளிகைப் பை பெரிய உதவி.

ஸ்கைப் உருவாக்கியவர்களில் இருவர், ஆட்டி ஹைன்லாவும் யானுஸ் ஃப்ரீஸும், 2014இல் தொடங்கிய நிறுவனம் ஸ்டார்ஷிப். அதன் ஆறு சக்கர ரோபோக்கள் 2018 முதல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் மளிகை கொண்டுபோகின்றன. கொரோனா ஊரடங்கின்போது அந்த ஊர் மக்கள் அவற்றைப் பெரிதும் நம்பியிருந்தார்கள். அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பவில்லை. ஏன்? மில்டன் கீன்ஸ் 1960-களின் இறுதியில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். ‘ரெட்வே’ என்ற செந்நிறப் பாதைகள், நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் என்று கார் சாலையிலிருந்து விலகி, சுமார் 300 கி.மீ. நீளத்துக்கு ஓடுகின்றன. நல்ல அகலம். சாலைகளைப் பல இடங்களில் சுரங்கப்பாதை வழியாகவே கடந்துவிடலாம். அங்கே இடைஞ்சல் இல்லாமல் ஓடும் அதே எந்திரத்தை, மரத்தடி திட்டும் விளம்பரப் பலகையும் உணவக மேசையும் போக ஒரு மீட்டர்தான் மிஞ்சும் லாஸ் ஏஞ்சலீஸ் நடைபாதையில் விட்டால் கதையே மாறிவிடுகிறது. எந்திரம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் இந்த உண்மைதான் அடிபட்டுப் போகிறது. பாதை எவ்வளவு அகலம் என்பதை அளக்காமல் எழுதப்படும் எந்தச் சட்டமும் பாதிச் சட்டம்தான்.

பாதையின் அகலம் யாருக்குத் தெரியும்? மாநகராட்சிக்குத் தெரியும். மாநிலச் சட்டமன்றத்துக்குத் தெரியாது. அமெரிக்க நிறுவனங்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் சட்டமன்றங்களுக்குப் போயின. முதலில் வர்ஜீனியா, 2017இல். அதே ஆண்டில் ஐடஹோ, விஸ்கான்சின், ஃப்ளோரிடா, ஒஹையோ. பிறகு வரிசையாக இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள். ஸ்டார்ஷிப் தன் சிறிய ரோபோவுக்கு ஏற்ற சட்டம் கேட்டது. ஃபெடெக்ஸ், அமேசான் போன்ற பெரிய நிறுவனங்கள் களத்துக்கு வந்ததும் அனுமதிக்கப்பட்ட எடை ஏறியது. வர்ஜீனியாவில் 50 பவுண்டாகத் தொடங்கிய வரம்பு, மூன்றே ஆண்டுகளில் பென்சில்வேனியாவில் 550 ஆனது. பல மாநிலங்களில் உள்ளூர் நிர்வாகங்களின் கைகள் கட்டப்பட்டன. நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் தேசியக் கூட்டமைப்பான நாக்டோ இதை வெளிப்படையாகவே எதிர்த்தது.

பிறகு நடந்ததுதான் வேதனை. அமேசான் தன் ‘ஸ்கவுட்’ ரோபோவையும், ஃபெடெக்ஸ் தன் ‘ராக்ஸோ’வையும் 2022 அக்டோபரில் கைவிட்டன. ஆனால், அவர்கள் ஆசைப்பட்ட அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. நாளை வேறு யாரோ அந்த 250 கிலோ எந்திரத்தோடு வரலாம். அப்போது தன் நடைபாதையைக் காக்க பிட்ஸ்பர்க் மாநகராட்சிக்கு என்ன அதிகாரம் மிச்சமிருக்கும்?

அதிகாரம் கையில் இருந்த நகரங்கள் என்ன செய்தன என்பதையும் பார்க்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2017இல் மார்பிள் என்ற நிறுவனத்தின் ரோபோக்கள் மிஷன் பகுதியில் ஓடத் தொடங்கின. நகர்மன்ற உறுப்பினர் நார்மன் யீ முழுத் தடை கேட்டார். டிசம்பரில் ஒரு சமரசம் வந்தது. ஒரு நிறுவனத்துக்கு 3 ரோபோ, நகரம் முழுவதும் சேர்த்து 9. மணிக்கு 3 மைல்தான் வேகம். ஆள்நடமாட்டம் குறைந்த பகுதிகளில், அகலமான நடைபாதைகளில் மட்டும். அதுவும் 30 அடிக்குள் ஒரு மனிதர் கூடவே நடக்க வேண்டும். தொழில்நுட்பத்தின் தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் இப்படியா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் 9 என்ற எண் மிகக் கறாராகவே படுகிறது. ஆனால், அந்த ஊர் முதலில் நடப்பவரைப் பார்த்தது. பிறகு எந்திரத்தைப் பார்த்தது. அந்த வரிசை சரி.

நியூயார்க்கில் 2019 நவம்பரில் ஃபெடெக்ஸ் ரோபோ ஒன்று அனுமதியில்லாமல் தெருவில் தோன்றியதும், நிறுத்தச் சொல்லி மாநகர நிர்வாகம் கடிதம் அனுப்பியது. டொரண்டோவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ‘டைனி மைல்’ நிறுவனத்தின் இளஞ்சிவப்பு ரோபோக்கள் பார்க்க அழகாக, இதயவடிவக் கண்களோடு உணவு கொண்டுபோயின. பலர் நின்று படமெடுத்தார்கள். மாநகராட்சியின் அணுகல்தன்மைக்கான ஆலோசனைக் குழு, அதாவது பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகளே உறுப்பினராக உள்ள குழு, இதை எடுத்துப் பேசியது. பார்வை குறைந்தவர்களுக்கும் நடமாட்டம் சிரமமானவர்களுக்கும் இவை தடை என்று சொன்னது. 2021 டிசம்பரில் நகர்மன்றம் அதை ஏற்று, முறையான விதிகள் வரும்வரை நடைபாதையில் ரோபோ கூடாது என்று முடிவெடுத்தது. பாதிக்கப்படுபவர் முதலில் பேசினார், அதன் பிறகுதான் ஓட்டெடுப்பு நடந்தது. பிட்ஸ்பர்க்கில் நடக்காமல் போனது இதுதான்.

தடை மட்டுமே வழி என்றும் இல்லை. ஜப்பான் வேறு திசையில் யோசித்தது. அங்கே முதியவர்கள் அதிகம். கடைகள் மூடப்பட்ட கிராமங்கள் அதிகம். லாரி ஓட்டுநர்களின் கூடுதல் பணிநேரம் ஆண்டுக்கு 960 மணி என்று 2024 ஏப்ரலில் வரம்பு வந்ததும் ஆள் தட்டுப்பாடு இன்னும் கூர்மையானது. ரோபோவுக்கான தேவை அங்கே உண்மையானது. 2022இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அனுமதித்தார்கள். நீளம் 120 செ.மீ., அகலம் 70 செ.மீ., உயரம் 120 செ.மீ. இதற்குள் அடங்க வேண்டும். வேகம் மணிக்கு 6 கி.மீ. மின்சக்கர நாற்காலிக்கு உள்ள அதே அளவு, அதே வேகம். எந்த மாகாணத்தில் ஓட்டுகிறார்களோ அங்குள்ள பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எந்திரத்தின் மீது அடையாளக் குறியும் அவசர நிறுத்தப் பொத்தானும் கட்டாயம். நடப்பவருக்கு எப்போதும் வழிவிட வேண்டும். மனித உடலை அளவுகோலாக வைத்து எந்திரத்தின் எல்லையைக் குறித்த சட்டம் அது. தென்கொரியாவும் 2023 நவம்பரில் அனுமதித்தது. ஆனால், எடை 500 கிலோ வரை போகலாம், அதிகபட்சம் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடலாம் என்றது. பாதுகாப்புச் சான்றிதழும் காப்பீடும் அங்கே கட்டாயம் என்றாலும், அரை டன் எடையை நடைபாதையில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தானியங்கி என்று விளம்பரப்படுத்தினாலும், இந்த எந்திரங்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். சிக்கலான சந்திப்பு வந்தால், எங்காவது மாட்டிக்கொண்டால், தொலைவில் திரைமுன் உட்கார்ந்திருப்பவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வார். பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் ஓடிய கிவி நிறுவனத்தின் ரோபோக்களைக் கொலம்பியாவில் இருந்தவர்கள் வழிநடத்தினார்கள். அவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே ஊதியம் என்று 2019இல் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் எழுதியது. டெலிவரி ஊழியரின் வேலை மறைந்துவிடவில்லை. கூலி குறைந்த நாட்டுக்கு, கண்ணுக்குத் தெரியாத அறைக்கு நகர்ந்திருக்கிறது. தொழிலாளர் நலன் சார்ந்த கேள்வி இது. நடைபாதை சார்ந்த கேள்வியும் இதிலேயே இருக்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை ரோபோக்களைக் கவனிக்கிறார்? சாய்தளத்தில் ஒன்று நின்றுபோனால் எத்தனை நொடியில் அவர் பார்ப்பார்? இந்த எண்களை நிறுவனம் வெளியிட வேண்டும் என்று கேட்காத உரிமம் வெறும் காகிதம்தான்.

காப்பீடும் அப்படித்தான். ஃப்ளோரிடா சட்டம் ஒரு லட்சம் டாலருக்குக் காப்பீடு கேட்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கில் பயிற்சி சிகிச்சையும் எடுத்துக்கொண்ட முதியவரின் குடும்பத்தைக் கேட்டால் அந்தத் தொகை எவ்வளவு தூரம் வரும் என்று சொல்வார்கள்.

கேமராவைப் பற்றியும் பேசியாக வேண்டும். வழி பார்க்கவே கேமரா என்கிறார்கள், உண்மைதான். ஆனால், ஊபரிலிருந்து பிரிந்துவந்த சர்வ் நிறுவனம், தன் ரோபோவைத் திருட முயன்றவர்கள் தொடர்பான காணொளியை லாஸ் ஏஞ்சலீஸ் காவல் துறைக்குக் கொடுத்தது 2023இல் வெளிவந்தது. திருட்டைப் புகார் செய்வதில் தவறில்லை. அதே கேமரா நாள் முழுக்க எல்லோர் வாசலையும் கடந்துபோகிறதே, அந்தப் பதிவுகள் எவ்வளவு காலம் இருக்கும், யார் கேட்டால் கொடுப்பார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் வேண்டும். மாநிலச் சட்டங்கள் எடைக்கும் வேகத்துக்கும் எழுதிய அளவுக்கு இதைப் பற்றி எழுதவில்லை.

இப்போது நேரமும் குறைந்துகொண்டே வருகிறது. சர்வ் நிறுவனத்தின் ரோபோக்கள் மட்டுமே 2025இன் இறுதியில் இரண்டாயிரத்தை எட்டின. ஸ்டார்ஷிப் 90 லட்சம் டெலிவரிகளைக் கடந்துவிட்டதாக 2025இல் சொன்னது. சிகாகோவில் சோதனை ஓட்டத்துக்கு எதிராக 2025இன் இறுதியில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். ஒன்றிரண்டு ஓடும்போது வேடிக்கை பார்த்த தெரு, வரிசையாக வரும்போது வேறு மாதிரிதான் பேசும். அதனால் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். ஊர் முழுமைக்கும் மொத்தமாக ஓர் எண்ணைச் சொல்வதைவிட, இந்தத் தெருவின் அகலத்துக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை என்று சொல்வது மேல். சாய்தளத்திலும், பார்வையற்றவருக்கான புடைப்புத் தளத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. கடக்கக் காத்திருப்பது சில அடி பின்னால்தான் என்பது மென்பொருளிலேயே எழுதப்பட வேண்டும். எந்திரத்தின் மீதுள்ள எண்ணை அழைத்தால் மனிதர் எடுக்க வேண்டும். சம்பவ அறிக்கைகள் பொதுவெளியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கட்டணம் வசூலித்து அதை அந்த நடைபாதையைச் சீராக்கவே செலவிட வேண்டும். காரும் லாரியும் சாலைக்கு வரி கட்டுகின்றன. நடைபாதையில் வணிகம் செய்யும் எந்திரம் மட்டும் ஏன் இலவசமாக ஓட வேண்டும்?

இதெல்லாம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். ஆனால், நடைபாதை யாருக்கு என்ற கேள்வி இங்கேயும் எழுந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மூட்டு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்றும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அது ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்படி பாதசாரிகள் பொது இடங்களைப் பயன்படுத்துவதற்கான விதிகளை வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. டெலிவரி ரோபோ நம் தெருவுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். நம் நடைபாதைகளில் இருசக்கர வாகனம் ஏறுவதையே தடுக்க முடியாத நிலையில் அது பெரிய கவலையும் அல்ல. ஆனால், விதி எழுதும் வாய்ப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. பாதசாரி என்றால் நடப்பவரும், சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ செல்பவரும். ஆளில்லா எந்திரம் எதுவும் அந்த வரையறைக்குள் வராது. அது நடைபாதைக்கு வர உள்ளாட்சியின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அந்த விதிகளில் சேர்க்கலாம். பென்சில்வேனியாவில் இன்று அந்த வரையறையைத் திருத்த நிறுவனங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். நமக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.